காப்புரிமை விதிகளை நாடுகள் சேர்ந்து திருத்த முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

அறிவுசார் சொத்துரிமை விதிகளைப் பன்னாட்டு அளவில் சீர்திருத்துவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: காப்புரிமையையும் பதிப்புரிமையையும் ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்தின்படிதானே வழங்குகிறது? அப்படியிருக்க, இதில் பன்னாட்டு ஒத்துழைப்புக்கு என்ன தேவை இருக்கிறது?

பதில்: உரிமை நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது; ஆனால் மருந்தும் நூலும் விதையும் மென்பொருளும் எல்லை தாண்டிச் செல்கின்றன. இந்தச் சிக்கலுக்கு விடை தேடியே 1883இல் தொழில்சார் சொத்துக்கான பாரிஸ் உடன்படிக்கையும், 1886இல் இலக்கிய, கலைப் படைப்புகளுக்கான பெர்ன் உடன்படிக்கையும் உருவாயின. உள்நாட்டாருக்குத் தரும் பாதுகாப்பை அயல்நாட்டாருக்கும் தர வேண்டும் என்பது இவ்விரண்டுக்கும் அடிப்படை. ஆயினும், எந்தப் பொருளுக்குக் காப்புரிமை தருவது, எத்தனை ஆண்டுகளுக்குத் தருவது என்பதைப் பாரிஸ் உடன்படிக்கை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டிருந்தது.

அந்தச் சுதந்திரத்தை இன்றைய செல்வ நாடுகள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டன. நெதர்லாந்து 1869இல் தன் காப்புரிமைச் சட்டத்தையே நீக்கியது. 1912இல்தான் மீண்டும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா 1891 வரை அயல்நாட்டு எழுத்தாளர்களின் நூல்களுக்குப் பதிப்புரிமை அளிக்கவில்லை. பெர்ன் உடன்படிக்கையில் அது இணைந்தது 1989இல்தான். சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் 1970களின் பிற்பகுதி வரை மருந்துப் பொருள்களுக்குக் காப்புரிமை வழங்கவில்லை.

1995 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த, டிரிப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வர்த்தகம் தொடர்பான அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் இந்த நிலையை மாற்றியது. எல்லாத் தொழில்நுட்பத் துறைகளிலும் காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டுகள் பாதுகாப்பு என்ற குறைந்தபட்ச அளவுகோல்கள் உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் பொதுவாயின. வளரும் நாடுகளுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் கால அவகாசம் மட்டுமே கிடைத்தது. அன்றிலிருந்து எந்த நாடும் தனியாக நின்று அடிப்படை விதிகளை மாற்றிக்கொள்ள முடியாது. சேர்ந்து போட்ட முடிச்சைச் சேர்ந்துதான் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு ஒன்று ஏற்கெனவே ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் இருக்கும்போது, உலக வர்த்தக அமைப்பு ஏன் இதில் நுழைந்தது? இவ்விரண்டில் எது முடிவெடுக்கிறது?

பதில்: வைப்போ என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 1967ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையால் நிறுவப்பட்டு, 1974இல் ஐ.நா.வின் சிறப்பு முகமை ஆனது. அங்கே வளரும் நாடுகள் எண்ணிக்கையில் மிகுதி. பாரிஸ் உடன்படிக்கையைத் தங்களுக்குச் சாதகமாகத் திருத்த அவை 1980களின் தொடக்கத்தில் முயன்றபோது பேச்சுவார்த்தை முடங்கியது. மேலும், வைப்போவின் உடன்படிக்கைகளை மீறும் நாட்டைத் தண்டிக்கத் திறனுள்ள வழி எதுவும் அங்கே இல்லை. எனவே அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானும் இதை உருகுவே சுற்று வர்த்தகப் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவந்தன. விவசாயப் பொருள்களுக்கும் துணிகளுக்கும் சந்தை வேண்டுமென்றால் காப்புரிமை விதிகளையும் ஏற்க வேண்டும் என்ற பேரம் அங்கேதான் சாத்தியமாயிற்று. டிரிப்ஸை மீறினால் வர்த்தகத்தில் பதிலடி வரும் என்ற அச்சமே அதன் வலிமை.

இப்போது இரண்டு அமைப்புகளும் ஜெனிவாவில்தான் இயங்குகின்றன. கட்டாயமான விதிகள் உலக வர்த்தக அமைப்பிடம் உள்ளன. பன்னாட்டு விண்ணப்பப் பதிவும் புதிய உடன்படிக்கைகளுக்கான பேச்சுவார்த்தையும் வைப்போவிடம் உள்ளன. வைப்போவின் வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் உறுப்பு நாடுகளின் சந்தாவிலிருந்து அல்லாமல், காப்புரிமைக்கும் வணிகக் குறிக்கும் விண்ணப்பிப்போர் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது. இந்த அமைப்பு யாரைத் தன் பயனாளி என்று கருத நேரும் என்பதில் இதற்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து. அர்ஜென்டினாவும் பிரேசிலும் 2004இல் தொடங்கிவைத்த முயற்சியின் பயனாக 2007இல் ஏற்கப்பட்ட வளர்ச்சி நிகழ்ச்சிநிரல், 45 பரிந்துரைகளின் வழியாக, பாதுகாப்பை உயர்த்துவதே இலக்கு என்ற பழைய மனப்போக்கைக் கேள்விக்கு உட்படுத்தியது. அது தேவையான மாற்றம். ஆயினும் பரிந்துரை விதி ஆகிவிடாது.

கேள்வி: உயிர்காக்கும் மருந்துக்குக் காப்புரிமை இருந்தாலும் அரசு கட்டாய உரிமம் வழங்கிப் பிறரைத் தயாரிக்கச் செய்யலாம் என்கிறார்கள். அப்படியானால் குறை எங்கே?

பதில்: குறை சட்ட வாசகத்தில் குறைவாகவும் நடைமுறையில் மிகுதியாகவும் இருக்கிறது. டிரிப்ஸின் 31ஆம் பிரிவு கட்டாய உரிமத்தை அனுமதிக்கிறது. ஆனால் அவ்வாறு தயாரிக்கும் பொருள் பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே செல்ல வேண்டும் என்று அதன் ஓர் உட்பிரிவு கட்டுப்படுத்துகிறது. மருந்துத் தொழிற்சாலையே இல்லாத நாடு கட்டாய உரிமத்தை யாருக்கு வழங்கும்? தொழிற்சாலை உள்ள நாடோ, ஏற்றுமதிக்கென்று அந்த உரிமத்தை வழங்க முடியாது. மிகவும் தேவைப்படுவோருக்கே இந்த விலக்கு பயனற்றுப்போயிற்று.

எய்ட்ஸ் நோயின் கொடுமையே இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்காவின் மருந்துச் சட்டத்தை எதிர்த்து 1998இல் வழக்குத் தொடுத்த 39 மருந்து நிறுவனத் தரப்பினர், உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2001 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். செல்வ நாடுகளில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவான கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முடியும் என்று ஜெனரிக் எனப்படும் நகல் மருந்துகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அதே ஆண்டில் அறிவித்தபோது, விலைக்குக் காரணம் தயாரிப்புச் செலவு அல்ல என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. அந்தச் சூழலில் 2001 நவம்பர் 14 அன்று உலக வர்த்தக அமைப்பில் நிறைவேறிய தோஹா பிரகடனம், பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் நடவடிக்கைகளுக்கு டிரிப்ஸ் தடையாக இல்லை, இருக்கவும் கூடாது என்று தெளிவுபடுத்தியது. தொழிற்சாலை இல்லாத நாடுகளின் சிக்கலுக்கு 2003 ஆகஸ்டில் ஒரு தற்காலிகத் தீர்வு காணப்பட்டது. அதுவே 2017 ஜனவரி 23 முதல் ஒப்பந்தத்தின் நிரந்தரத் திருத்தம் ஆயிற்று. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்த வாசகம் திருத்தப்பட்டது அதுவே முதல் முறை.

இத்தனை முயற்சியில் பிறந்த அந்த வழியில் மருந்து சென்று சேர்ந்தது ஒரே ஒரு நாட்டுக்கு. கனடா 2004இல் இதற்கெனத் தன் சட்டத்தைத் திருத்தியது. ருவாண்டா 2007 ஜூலையில் தன் தேவையை உலக வர்த்தக அமைப்புக்கு அறிவித்தது, கனடிய நிறுவனம் ஒன்றுக்கு அதே ஆண்டு செப்டம்பரில் கட்டாய உரிமம் கிடைத்தது, எச்.ஐ.வி. கூட்டு மாத்திரையின் முதல் சரக்கு 2008 செப்டம்பரிலும் இரண்டாவது 2009இலும் அனுப்பப்பட்டன. அனுமதிக்கப்பட்ட அளவு 2,60,000 பொதிகள். காப்புரிமை வைத்திருப்பவருடன் முன்கூட்டியே பேச வேண்டும். அளவைத் துல்லியமாக அறிவிக்க வேண்டும். மாத்திரையின் தோற்றத்தையோ உறையையோ வேறுபடுத்த வேண்டும். தேவை கூடினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனித்தனியே காரணம் சொல்லலாம். எல்லாம் சேர்ந்தபோது, எந்த நிறுவனமும் இரண்டாம் முறை நடக்க விரும்பாத பாதையாக அது மாறிவிட்டது. பொலிவியா 2021இல் கோவிட் தடுப்பூசிக்காக இதே வழியை நாடியது, கனடாவில் தயாரிக்க முன்வந்த நிறுவனமும் இருந்தது, உரிமம் கிடைக்கவில்லை.

சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது நான் மீண்டும் மீண்டும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: விலக்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை விட, அவசரத்தில் இருக்கும் ஓர் ஏழை நாட்டின் சுகாதார அமைச்சகம் அதை எத்தனை படிகளில் பயன்படுத்த முடியும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கேள்வி: கோவிட் காலத்தில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கோரிய விலக்கு என்னவாயிற்று?

பதில்: 2020 அக்டோபர் 2 அன்று உலக வர்த்தக அமைப்பில் முன்வைக்கப்பட்ட அந்தக் கோரிக்கை, கோவிட் தடுப்பு, சிகிச்சை தொடர்பான காப்புரிமை, பதிப்புரிமை, தொழில் வடிவமைப்பு, வெளியிடப்படாத தகவல் ஆகிய நான்கையும் பெருந்தொற்று முடியும்வரை நிறுத்திவைக்கக் கேட்டது. 2021 மே மாதத்தில் அமெரிக்கா தடுப்பூசிகளுக்கு மட்டும் ஆதரவு தெரிவித்தது. 2022 ஜூன் 17 அன்று ஜெனிவாவில் எட்டப்பட்ட முடிவோ தடுப்பூசிக் காப்புரிமைக்கு மட்டும், வளரும் நாடுகளுக்கு மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. பரிசோதனைக் கருவிகளுக்கும் மருந்துகளுக்கும் அதை நீட்டிப்பதில் 2024 வரை கருத்தொற்றுமை ஏற்படவில்லை. மக்கள் இறந்துகொண்டிருந்தபோது இருபது மாதங்களைப் பேச்சில் செலவிட்ட ஏற்பாட்டை வெற்றி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி தயாரித்த மாடர்னா நிறுவனம், பெருந்தொற்றுக் காலத்தில் தன் காப்புரிமைகளை வலியுறுத்தமாட்டோம் என்று 2020 அக்டோபரிலேயே அறிவித்தது. ஆனால் தயாரிப்பு நுட்பத்தை அது பகிரவில்லை. உலகச் சுகாதார அமைப்பின் ஆதரவுடன் கேப்டவுனில் அமைந்த மையத்தின் அறிவியலாளர்கள், பொதுவெளியில் கிடைத்த தகவலைக் கொண்டு அந்தத் தடுப்பூசியைத் தாமே உருவாக்க வேண்டியிருந்தது; 2022 தொடக்கத்தில் ஆய்வக அளவில் அதில் வெற்றியும் கண்டனர். தடையை நீக்குவதும் நுட்பத்தைக் கற்றுக்கொடுப்பதும் வெவ்வேறு செயல்கள். முன்னதை விதியால் செய்யலாம். பின்னதற்கு ஒத்துழைப்பு வேண்டும்.

கேள்வி: தோல்விகளையே சொல்கிறீர்கள். நன்றாக நடந்த சீர்திருத்தம் ஒன்றுகூட இல்லையா?

பதில்: இருக்கிறது; அதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. 2013 ஜூன் 27 அன்று மராகேஷ் நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, பார்வையற்றோரும் அச்சு நூலைப் படிக்க இயலாத மற்றவர்களும் நூல்களைப் பெறுவதற்கானது. டிரிப்ஸ் ஒப்பந்தம் 1994இல் கையெழுத்தானதும் இதே நகரில்தான்.

அதற்கு முன்பு பல நாடுகளின் சட்டத்தில் பிரெய்ல் அல்லது ஒலிநூல் படி எடுப்பதற்கு விலக்கு இருந்தது. ஆனால் ஒரு நாட்டில் அப்படி எடுத்த படியை இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதற்குச் சட்டத்தில் உறுதியான இடம் இல்லை. அதனால் ஒரே மொழி பேசும் நாடுகள்கூட, ஒரே நூலைத் தனித்தனியே செலவழித்து மாற்றிக்கொண்டிருந்தன. வசதியற்ற நாடுகள் நூலே இல்லாமல் இருந்தன. உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் உருவாக்கிய வரைவை பிரேசில், ஈக்வடார், பராகுவே ஆகிய நாடுகள் 2009இல் வைப்போவில் முன்வைத்தன. பதிப்பாளர்கள் மட்டுமல்லாமல், நூல்களுக்குத் தொடர்பே இல்லாத பிற துறை நிறுவனங்களும், ஒரு விலக்கை ஏற்றால் அது மற்றவற்றுக்கு முன்னுதாரணம் ஆகிவிடும் என்று எதிர்த்தன. ஆயினும் உடன்படிக்கை நிறைவேறியது. இந்தியா முதல் நாடாக 2014இல் அதை ஏற்றது. 20 நாடுகள் ஏற்றபின் 2016 செப்டம்பர் 30 முதல் நடப்புக்கு வந்தது.

இது ஏன் வென்றது? பயனாளிகள் யார் என்பதில் ஐயம் இல்லை. அவர்களின் அமைப்பே வரைவை எழுதியது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அதிகாரம் நூலகத்தின் கையிலேயே இருக்கிறது. உடன்படிக்கையின்படி தகுதிபெற்ற நூலகமோ தொண்டு நிறுவனமோ ஒவ்வொரு நூலுக்கும் அரசிடம் போய் உரிமம் கேட்க வேண்டியதில்லை. பதிப்புரிமை வைத்திருப்பவரிடமும் கேட்க வேண்டியதில்லை. ருவாண்டாவின் மருந்து கடந்த பாதையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இந்த உடன்படிக்கையிலும் குறை உண்டு. வணிகச் சந்தையில் நியாயமான விலையில் கிடைக்கும் நூல்களுக்கு விலக்கு பொருந்தாது என்று சொல்ல நாடுகளுக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. அந்த நிபந்தனை புகுந்த இடங்களில் நூலகர்களின் சுமை கூடுகிறது.

கேள்வி: மஞ்சளுக்கும் வேம்புக்கும் அயல்நாட்டில் காப்புரிமை கொடுத்துப் பின்னர் நீக்கினார்கள். அப்படி மீண்டும் நடக்காமல் இருக்க வழி வந்துவிட்டதா?

பதில்: ஒரு பகுதி வந்திருக்கிறது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டது. வேம்பு எண்ணெயைக் கொண்டு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் 1994இல் வழங்கப்பட்டதை முற்றாக நீக்க 2005 வரை போராட வேண்டியிருந்தது. இத்தகைய போராட்டத்துக்குப் பணமும் வழக்கறிஞரும் ஆவணமும் வேண்டும். அவை இல்லாத பழங்குடி மக்களின் அறிவு எவ்வளவு பறிபோயிருக்கும் என்பதற்குக் கணக்கு இல்லை.

2024 மே 24 அன்று வைப்போவில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, மரபணு வளத்தையோ அதோடு சேர்ந்த மரபுசார் அறிவையோ அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்கு விண்ணப்பிப்பவர், அந்த வளம் எந்த நாட்டிலிருந்து வந்தது, அந்த அறிவைத் தந்த மக்கள் யார் என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கொலம்பியா 1999இல் எழுப்பிய கோரிக்கை கால் நூற்றாண்டுக்குப் பின் கனிந்திருக்கிறது. 15 நாடுகள் ஏற்றால் அது நடப்புக்கு வரும். தெரிவிக்கத் தவறினார் என்ற காரணத்துக்காக மட்டும், ஏமாற்றும் நோக்கம் இருந்தாலன்றி, வழங்கிய காப்புரிமையை நீக்க முடியாது என்பது அதன் பெரிய பலவீனம். பயனில் பங்கு கேட்கும் உரிமையும் அதில் இல்லை; அதற்கு 2010ஆம் ஆண்டின் நகோயா நெறிமுறையையே நாட வேண்டும். இருந்தாலும், காப்புரிமை அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்தில் அந்த மக்களின் பெயருக்கு ஓர் இடம் கிடைப்பதை நான் சிறிதாக எண்ணவில்லை. மறைத்தவர் யார் என்று பிற்காலத்தில் கேட்பதற்கு அதுவே முதல் சான்று ஆகும்.

கேள்வி: காப்புரிமையைத் தளர்த்தினால் புதிய மருந்து கண்டுபிடிக்க யார் பணம் போடுவார்கள்?

பதில்: நியாயமான கேள்வி. பல ஆண்டுகள் செலவழித்து, தோல்வி அடையும் வாய்ப்பையும் ஏற்று ஆய்வு செய்பவருக்கு வருவாய் வேண்டும். ஆனால் அந்த வருவாய் பெரும்பாலும் செல்வ நாடுகளின் சந்தையிலிருந்தே வருகிறது. வாங்கும் சக்தியற்ற நாட்டில் விலையை உயர்த்தி வைப்பதால் ஆய்வுக்குக் கிடைப்பது அற்பம். நோயாளி இழப்பதோ மிகப் பெரிது. இரண்டையும் பிரித்துக் கையாள முடியும் என்பதற்கு 2010இல் தொடங்கப்பட்ட மருந்துக் காப்புரிமைத் தொகுப்பு நல்ல சான்று. நிறுவனங்கள் தாமாக முன்வந்து அதற்கு உரிமம் தருகின்றன. அது குறைந்த விலையில் தயாரிப்போருக்கு அதை வழங்குகிறது. எச்.ஐ.வி. மருந்துகளில் இதன் பங்கு பெரிது. எந்தெந்த நாடுகளுக்கு என்பதைக் காப்புரிமை வைத்திருப்பவரே முடிவு செய்கிறார் என்பது இதன் வரம்பு: கோவிட் மாத்திரை ஒன்றுக்கு 2021இல் கிடைத்த உரிமம் 95 நாடுகளுக்கு மட்டும் என்று வகுக்கப்பட்டபோது, நடுத்தர வருவாய் நாடுகள் பல வெளியே நின்றன.

கேள்வி: தடையற்ற வணிக ஒப்பந்தங்களில் காப்புரிமை பற்றி ஏன் இவ்வளவு சச்சரவு?

பதில்: டிரிப்ஸ் கேட்பதற்கு மேலான பாதுகாப்பை அவை கேட்பதால். காப்புரிமைக் காலத்தை நீட்டிப்பது, மருந்துச் சோதனைத் தரவுகளுக்குத் தனியுரிமை தருவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சரக்கு வர்த்தகத்தில், ஒரு நாட்டுக்கு இத்தகைய ஒப்பந்தத்தின் வழியே தரும் சலுகையை மற்ற நாடுகளுக்குத் தர வேண்டியதில்லை என்ற விலக்கு உண்டு. டிரிப்ஸில் அந்த விலக்கு இல்லை. ஆகவே ஒரு நாட்டின் வற்புறுத்தலுக்கு இணங்கி உயர்த்திய பாதுகாப்பு, எல்லா உறுப்பு நாடுகளின் நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்கிறது. ஜெனிவாவில் அங்குலம் அங்குலமாகப் பெற்ற விலக்கை இருதரப்பு மேசையில் ஒரே நாளில் இழக்க முடியும். பொதுவெளிக்குத் தெரியாமல் பேசப்பட்ட போலிப்பொருள் எதிர்ப்பு வணிக ஒப்பந்தத்தை 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 478க்கு 39 என்ற வாக்குகளில் நிராகரித்தது. வாசகம் வெளியே வந்து மக்கள் படித்தால் இதைத் தடுக்கவும் முடியும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக்கு இந்த விதிகள் போதுமா?

பதில்: போதாது. ஜப்பான் 2018இல் செய்த திருத்தம், படைப்புகளை இயந்திரப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தப் பரந்த இடம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை, பதிப்புரிமை வைத்திருப்பவர் மறுக்கலாம் என்கிறது. ஒரே தரவுத் தொகுப்பு ஒரு நாட்டில் சட்டப்படியும் இன்னொரு நாட்டில் மீறலாகவும் இருக்கக்கூடும். வைப்போவில் 2019 முதல் உரையாடல் நடக்கிறது. உடன்படிக்கை வரைவு எதுவும் இல்லை.

கேள்வி: அடுத்த சில ஆண்டுகளில் எவற்றைக் கவனித்து வர வேண்டும்?

பதில்: 2022ஆம் ஆண்டின் தடுப்பூசி முடிவு 2027 ஜூனில் காலாவதியாகிறது, அதை நீட்டிக்கிறார்களா, நிரந்தர விதியாக மாற்றுகிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மருந்துக் காப்புரிமையிலிருந்து தரப்பட்ட விலக்கு 2033 ஜனவரி 1 வரையிலும், டிரிப்ஸின் பெரும்பாலான கடமைகளிலிருந்து தரப்பட்ட அவகாசம் 2034 ஜூலை 1 வரையிலும் நீடிக்கும். 2025 மே 20 அன்று உலகச் சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தமும் முக்கியமானது. நோய்க்கிருமி மாதிரிகளைப் பகிரும் நாடுகளுக்குத் தடுப்பூசியிலும் மருந்திலும் உறுதியான பங்கு தரும் ஏற்பாடு அதில் இருக்கிறது. அதன் விவரங்களைத் தனி இணைப்பாகப் பேசி முடிக்க வேண்டும் என்று விடப்பட்டது. தொழில்நுட்பப் பகிர்வைப் பற்றிய அதன் வாசகம் இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளைச் சார்ந்தே நிற்கிறது. இணைப்பின் வரைவைப் படிக்கும் வாய்ப்புள்ளவர்கள் ஒன்றை மட்டும் தேடிப் பார்க்க வேண்டுகிறேன்: பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட நாளில், மருந்து வேண்டும் ஒரு நாடு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நாளில் விடை கிடைக்க வேண்டும், மறுத்தால் அடுத்து என்ன செய்யலாம் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று.